பேர அணி விலகல்: சொல் கேட்டிருந்தவருக்கு மறுமொழி

ஐயா, வணக்கம்.

பல முதலாளிகள் சேர்ந்து தொழிற்சங்கத்தோடு பேரம் பேசும் அணியிலிருந்து ஒருவர் விலகுவதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். அதற்கு நீங்களே தந்த "கூட்டுப் பேர விலகல்" எனக்கு இடறுகிறது. படிக்கிறவர், முதலாளி சங்கத்தோடு இனிப் பேசவே மாட்டாராம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அமெரிக்கச் சட்டம் பேசுவது வேறு. பல முதலாளிகள் ஒரே தரப்பாக உட்கார்ந்து சங்கத்தோடு பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர் சக முதலாளிகளை விட்டுப் பிரிகிறார். தன் ஆட்களில் பெரும்பான்மையோர் சங்கத்தின் பக்கம் இருக்கும்வரை, பிரிந்த பிறகும் அதோடு தனியாகப் பேசியே ஆகவேண்டும்.

தகராறெல்லாம் எப்போது பிரியலாம் என்பதில். 1958இல் ரீட்டெயில் அசோசியேட்ஸ் வழக்கில் அமெரிக்காவின் தேசியத் தொழிலுறவு வாரியம் விதி வகுத்தது: பேச்சு தொடங்குமுன் எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போகலாம்; தொடங்கிவிட்டால் சங்கம் சம்மதிக்க வேண்டும், அல்லது அசாதாரணச் சூழல் இருக்க வேண்டும். 1975இல் பொனானோ என்ற துணி வாடகை நிறுவனம் இதில் மாட்டியது. பேச்சு நின்றதும் டீம்ஸ்டர்ஸ் சங்கம் அங்கே மட்டும் வேலைநிறுத்தம் செய்தது. அணியிலிருந்த மற்ற முதலாளிகளில் பெரும்பாலோர் தங்கள் ஆட்களை உள்ளே விடாமல் கதவடைத்தார்கள். பொனானோ நிரந்தரமாகவே மாற்று ஆட்களை எடுத்துக்கொண்டு, நவம்பரில் விலகல் கடிதம் கொடுத்தது. பேச்சு நின்றுபோவது பேரத்தில் சகஜம், அதைச் சாக்காக வைத்து விலக முடியாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில்.

ஆகவே யாரை விட்டு விலகுகிறார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். "பேர அணி விலகல்" என்பது என் பரிந்துரை. "கூட்டணி" வேண்டாம், தொழிற்சங்கக் கூட்டணி என்று எதிர்த்தரப்புக்கும் அது வழங்குகிறது. "வேலையளிப்பவர்" என்றெல்லாம் போகாமல் "முதலாளி"யே இருக்கட்டும். இலங்கையில் முதலாளிமார் சம்மேளனம் என்றே வழங்குகிறதே!

இலங்கை என்றதும் இன்னொன்று. 2021இல் சம்பள நிர்ணய சபை தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கிய சமயத்தில் தோட்டக் கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு இருந்த கூட்டு ஒப்பந்தத்தையே கைவிட்டன. அங்கே அணி உடையவில்லை, அணியே சேர்ந்து எழுந்து போனது. அதற்கு "ஒப்பந்த விலகல்" பொருந்தும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

கடைசியாக, பேச்சு நின்றுபோன நிலைக்கு நீங்கள் போட்டிருக்கும் "முட்டுக்கட்டை". முட்டுக்கட்டை என்றால் யாரோ வேண்டுமென்றே போடுவது. சட்டம் சொல்வதோ, இரு தரப்பும் மனதார முயன்று பார்த்தும் மேலே நகர முடியாத நிலை. "பேச்சுத் தேக்கம்" சரிப்படுமா?