சிவில் முடித்தவன் போக்குவரத்துத் திட்டமிடலுக்குப் போக எந்த வழி நல்லது?

வணக்கம். நகரத் திட்டமிடல், மெட்ரோ, பேருந்துக் கழகம் பக்கம் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

பி.இ. சிவில் முடித்து சென்னையில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். கான்கிரீட் போட்டது போதும் என்றாகிவிட்டது. நிறுத்தத்தில் அரை மணி நேரம் ஒன்றும் வராது, பிறகு ஒரே தடத்தில் மூன்று பஸ் ஒட்டிக்கொண்டு வரும். முதல் வண்டியில் படிக்கட்டு வரை கூட்டம், மூன்றாவதில் சீட் காலி. கால அட்டவணையை எப்படிப் போட்டால் இது குறையும் என்பதில்தான் மனசு போகிறது.

டெல்லி எஸ்.பி.ஏ.வில் (திட்டமிடல், கட்டடக்கலைக்கான கல்வி நிறுவனம்) போக்குவரத்துத் திட்டமிடலுக்கென்றே எம்.பிளான் என்ற முதுகலைப் படிப்பு இருக்கிறது, கேட் (GATE) நுழைவுத் தேர்வு ஸ்கோர் வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் எம்.டெக். போக்குவரத்துப் பொறியியல். அங்கே கணக்கும் மாடலிங்கும் அதிகம் என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும், ஆனால் மேலாண்மைப் பக்கம் வர அது உதவுமா?

கும்டா (சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்) மாதிரி அமைப்புகளில் நேரடியாக ஆள் எடுக்கிறார்களா, இல்லை கன்சல்டன்சி வழியாகத்தான் உள்ளே போக முடியுமா? க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் ஓரளவு தெரியும். அடுத்து விஸ்ஸிம் (போக்குவரத்து ஓட்டத்தைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) கற்கலாமா, பைத்தான் நிரல்மொழியா?

ஆரம்பச் சம்பளம் பற்றியும் ஒளிக்காமல் சொல்லுங்கள், வீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பொதுவில் சொல்லத் தயங்கினால் இன்பாக்ஸில் போடுங்கள்.