டைலரிலிருந்து லைன் சூப்பர்வைசர்: பயிற்சிக்கு உங்கள் உதவி வேண்டும்

வணக்கம் தோழிகளே. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மிஷினில் உட்காரும் பெண்கள் ஏராளம். இவர்கள் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் லைனை நடத்தும் சூப்பர்வைசர்கள் மட்டும் பெரும்பாலும் ஆண்கள். இதை மாற்றத்தான் ஆறு வாரப் பயிற்சி தயார் செய்கிறோம்.

சூப்பர்வைசர் போட வேண்டிய கணக்கு பெரிய தடையே இல்லை. 30 டைலர், 480 நிமிட ஷிப்ட், ஒரு பீஸுக்கு 12 நிமிடம், அன்றைக்கு 720 பீஸ் இறங்கியது என்றால்: 720 × 12 = 8640. அதை 30 × 480 = 14,400ஆல் வகுத்தால் லைனின் எஃபிசியன்சி, அதாவது வேலைத்திறன், 60 சதவீதம். நல்ல டைலருக்கு இது ஒரு வாரப் பாடம்.

சிக்கல் நேரத்தில்தான். ஷிப்ட் முடிந்து வகுப்பு வைத்தால் கம்பெனி பஸ் போய்விடும். பிள்ளை பக்கத்து வீட்டு வாசலில் காத்திருக்கும். மூன்றாம் நாளே ஆள் வரமாட்டார். அதனால் வேலை நேரத்துக்குள்ளேயே, தினமும் 45 நிமிடம் கம்பெனிகளிடம் கேட்கிறோம். இன்னொன்று, புது சூப்பர்வைசரை அவர் தைத்த அதே லைனில் போடக் கூடாது. நேற்று வரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவரிடம் ஆல்டர் பீஸை, அதாவது தப்பாகத் தைத்ததை, சரிசெய்யச் சொல்லித் திருப்பிக் கொடுப்பது யாருக்கும் கஷ்டம்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. சூப்பர்வைசர் ஆன பிறகும் அந்த நான்கு முறை கிடைக்க வேண்டும். அந்த நேரம் லைனைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

உங்களிடம் கேட்பது: தமிழில், மணிக்கு எத்தனை பீஸ் என்று குறிக்கும் புரொடக்‌ஷன் சார்ட் மாதிரி யாரிடமாவது இருக்கிறதா? இரண்டு வருடமாவது லைன் பார்த்த அக்காக்கள் வாரம் ஒரு மணி நேரம் போனில் பேச முடியுமா? காப்பகம் நடத்துபவர்கள், எத்தனை குழந்தைக்கு எத்தனை ஆயா வைக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.