40 யூனிட் பேட்டரிக்கு 16 மணி நேரம், வண்டியில் கோளாறா?

குரோம்பேட்டைக்காரன்:
எலெக்ட்ரிக் கார் வாங்கி நாலு மாசம் ஆகிறது. 40 யூனிட் பேட்டரி. கீழே பார்க்கிங்கில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில், வண்டியோடு கொடுத்த கேபிளைத்தான் செருகுகிறேன். 20 சதவீதத்தில் இருந்து முழுசாக ஏற 16 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஷோரூமில் சொன்னது பதினொன்று. ராத்திரி 8-க்குப் போட்டால் காலை 8-க்கு 80-ஐத் தொடுவதில்லை.

இன்னொன்று. போன வாரம் திருச்சி போகும்போது விழுப்புரம் தாண்டி ஒரு ஃபாஸ்ட் சார்ஜரில் நிறுத்தினேன். போர்டில் 60 கிலோவாட் என்று போட்டிருக்கிறது, என் வண்டி 50 வரை வாங்குமாம், திரையில் வந்ததோ 27. எண்பதுக்கு மேல் அதுவும் சரசரவென்று இறங்கிவிட்டது. 55-ல் இருந்து 95 ஏற ஒரு மணி நேரம், பிள்ளைகள் மூன்று தடவை பஜ்ஜி சாப்பிட்டுவிட்டார்கள். பேட்டரி போய்விட்டதா? சர்வீஸில் விட்டால் "எல்லாம் நார்மல் சார்" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

ஒயர்மேன் 67:
பேட்டரியை விடுங்கள் சார், வீட்டு விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 20-ல் இருந்து 100 என்றால் 32 யூனிட். அதை 16 மணி நேரத்தில் வகுத்தால் மணிக்கு 2 யூனிட்தான், அதாவது 2 கிலோவாட்தான் உள்ளே போகிறது. வீட்டுக்கு வரும் ஏசி கரன்டை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றும்போது பத்துப் பன்னிரண்டு சதவீதம் சூடாகப் போய்விடும், ஆக பிளக்கில் இருந்து இழுப்பது சுமார் 2.2 கிலோவாட். 220 வோல்ட் என்று வைத்தால் சரியாக 10 ஆம்பியர். ரவுண்டாக 10 என்று வருகிறதே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். வண்டித் திரையிலோ கேபிள் நடுவில் இருக்கும் பெட்டியிலோ ஆம்பியர் செட்டிங் இருக்கிறதா பாருங்கள், சிலதில் டெலிவரி கொடுக்கும்போதே பயந்துகொண்டு குறைத்து வைத்துவிடுவார்கள்.

அடுத்தது வோல்டேஜ். ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் தெருவே ஏசி போட்டிருக்கும், 190-க்கு இறங்கினால் அதே 10 ஆம்பியரில் 1.9 கிலோவாட்தான் கிடைக்கும். கார் தானாக ஆம்பியரை ஏற்றிக்கொண்டு ஈடு கட்டாது. மும்முனை இணைப்பு என்றால் பார்க்கிங் பிளக் எந்த பேஸில் இருக்கிறது என்று பார்த்து, கூட்டம் இல்லாத பேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஆனால் செட்டிங்கைப் பார்த்த உடனே 15-க்கு ஏற்றிவிடாதீர்கள்! முதலில் அந்த பிளக்குக்கு என்ன ஒயர் வருகிறது என்று பாருங்கள். மோட்டாரும் கீசரும் கொஞ்ச நேரம் ஓடி நிற்பவை, கார் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில், தூரமும் அதிகமாக இருந்தால், வோல்டேஜ் வழியிலேயே இறங்கும், சாக்கெட் சூடாகி உருகும். உருகிப்போன சாக்கெட் எத்தனை மாற்றியிருக்கிறேன் தெரியுமா. சில கேபிள்களில் பிளக் தலையிலேயே சூடு பார்க்கும் சென்சார் உண்டு, சூடானால் அதுவே கரன்டைக் குறைத்துவிடும். அதுவும் உங்கள் கதையாக இருக்கலாம். அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

ஜிஎஸ்டி ரோடு:
இவ்வளவு எதற்கு, பேசாமல் சுவரில் மாட்டும் சார்ஜர், 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் ஒன்று மாட்டிவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

ஒயர்மேன் 67:
தீராது தம்பி. ஏசி கரன்டில் சார்ஜ் ஏற்றும்போது உண்மையான சார்ஜர் காருக்குள்தான் இருக்கிறது, சுவரில் மாட்டுவது கிட்டத்தட்ட ஒரு பெரிய சுவிட்ச். காருக்குள் இருப்பது 3.3 என்றால் நீங்கள் 7.2 மாட்டினாலும் 3.3தான் ஏறும். ஒரே மாடலில் இரண்டு விதமும் வரும், எது வாங்கினோம் என்றே பலருக்குத் தெரியாது. மால் பார்க்கிங்கில் "22 கிலோவாட்" என்று எழுதியிருக்கும் ஏசி பாயின்ட்டும் அப்படித்தான், அது மூன்று பேஸிலும் 32 ஆம்பியர் கொடுத்தால் வரும் கணக்கு, நம் ஊரில் பெரும்பாலான கார்கள் ஒரே பேஸைத்தான் எடுக்கும். அயோனிக் 5 மாதிரி சிலதில்தான் 11 வரை வரும். அதோடு 7.2 போடுவதென்றால் இபியில் லோடு கூட்ட வேண்டியிருக்கும், எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலைப் பயணி:
ஹைவே விஷயத்துக்கு நான் வருகிறேன். வாரம் ஒரு தடவை மதுரை போய் வருகிறவன்.

அந்த மிஷினில் இரண்டு கன் (வண்டியில் செருகும் கைப்பிடி) இருந்ததா, பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றதா? நின்றிருந்தால் 60-ஐ ஆளுக்கு 30 என்று பிரித்துக் கொடுத்திருக்கும், 27 கிடைத்தது நியாயம்தான். பக்கத்து வண்டி கிளம்பிய பிறகும் சில மிஷின் உங்களுக்குக் கூட்டிக் கொடுக்காது. நிறுத்தி, கன்னைக் கழற்றி, மறுபடி போட்டால்தான் முழுசாக வரும்.

யாரும் இல்லாதபோதும் 60 வராது, அதற்குக் காரணம் வேறு. போர்டில் இருப்பது மிஷினால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பது. உங்கள் பேட்டரி 350 வோல்ட் அளவில் இருக்கும், மிஷின் 125 ஆம்பியருக்கு மேல் விடாது என்றால் பெருக்கிப் பாருங்கள், 44-ஐத் தொடாது. 800 வோல்ட் வண்டி வேகமாக ஏறுவதற்கும் இதே பெருக்கல்தான் காரணம், அதே ஆம்பியரில் இரண்டு மடங்கு பவர் போகிறது. அதனால் மிஷினில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளில் ஆம்பியரைப் படியுங்கள், பெரிய எழுத்தில் இருக்கும் கிலோவாட்டை நம்ப வேண்டாம்.

ஆனால் இதையெல்லாம் விட உங்கள் பெரிய தப்பு 55-ல் போய் நின்றது. மூட்டையில் நெல் கொட்டும்போது முதலில் கடகடவென்று இறங்கும், வாய் வரை வந்த பிறகு குலுக்கிக் குலுக்கித்தானே திணிக்க வேண்டும்? பேட்டரியும் அப்படித்தான். பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் அதன் எல்லையை நெருங்க நெருங்க கார் கரன்டைக் குறைத்துக்கொண்டே வரும், இல்லாவிட்டால் செல் கெட்டுவிடும். நான் 15, 20-க்கு இறங்கும் வரை ஓட்டிவிட்டு, 75, 80 ஆனதும் கன்னைக் கழற்றிவிடுவேன். உங்கள் வண்டியில் கடைசி 15 சதவீதத்துக்கு ஆன நேரத்தில் நான் அடுத்த டீக்கடைக்கே போயிருப்பேன். மே மாசம் 110-ல் ஓட்டிக்கொண்டு வந்து செருகினால் சூட்டுக்காகவும் கார் கரன்டைக் குறைக்கும், அப்போது பேட்டரியைக் குளிர்விக்கும் கம்ப்ரஸர் உறுமும், பயப்படாதீர்கள்.

ஒஸ்லோ தமிழன்:
இங்கே நோர்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார், என்றாலும் ஒவ்வொரு குளிர்காலமும் இதே கேள்விதான். உங்களுக்குச் சூடு, எங்களுக்குக் குளிர். மைனஸ் பத்தில் இரவு முழுக்க வெளியில் நின்ற காரை நேரே கொண்டுபோய்ச் செருகினால் 150 கிலோவாட் சார்ஜரிலும் 30 வந்தால் பெரிய காரியம். குளிர்ந்த பேட்டரிக்குள் வேகமாகத் தள்ளினால் லித்தியம் உள்ளே போகாமல் செல்லில் இருக்கும் கிராஃபைட் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், அதனால் கார் விடாது. நாங்கள் சார்ஜரை நேவிகேஷனில் போட்டுவிட்டு ஓடுவோம், போகிற வழியிலேயே கார் பேட்டரியைச் சூடாக்கி வைக்கும். முதல் வருடம் இது தெரியாமல் நான் கன நேரம் காருக்குள் விறைத்துப் போய் இருந்திருக்கிறேன்.

குரோம்பேட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஒயர்மேன் அண்ணன் சொன்னது அப்படியே. திரையில் நாலு மெனு உள்ளே போனால் 10 ஆம்பியர் என்று இருந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன், பிளக்குக்கு வந்தது 2.5 ஒயர், அதுவும் இரண்டாவது மாடியில் இருக்கும் எங்கள் போர்டில் இருந்து. சாக்கெட்டைக் கழற்றினால் ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது, வயிற்றில் புளியைக் கரைத்தது. 6 ஸ்கொயர் இழுத்து, தனி எம்சிபி (தானாக விழும் சுவிட்ச்), இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டு, அதன் பிறகே செட்டிங்கை 15-க்கு ஏற்றினேன். நேற்று ராத்திரி 9-க்கு 24-ல் போட்டேன், காலை 7-க்கு 98.

விழுப்புரத்தில் பக்கத்தில் ஒரு டாக்ஸி நின்றது உண்மைதான், நான் கவனிக்கவே இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். எனக்கு எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி. 98-ல் இருந்து 100-க்கு மட்டும் முக்கால் மணி நேரம் நிற்கிறதே?

நெடுஞ்சாலைப் பயணி:
நிற்கட்டும், உள்ளே செல்களைச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறது. எல்எஃப்பியில் வோல்டேஜ் நடுவில் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டமாக இருக்கும், அதனால் காருக்கு சதவீதக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பும். வாரம் ஒரு தடவை முழுசாக ஏற்றி, அது தானாக நிற்கும் வரை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டால் வசதி.