அவசரம்: ஹோம்ஸ்கூல் பையனுக்குக் கத்தோலிக்க உலக வரலாறு, எதை வாங்கட்டும்?

புதிதாக வந்தவள்:
மரியே வாழ்க. அமெரிக்கா வந்து இன்னும் பெட்டிகளைக்கூடப் பிரித்து முடிக்கவில்லை. மகனை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவாகிவிட்டது, ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். கணக்கு, அறிவியல் எல்லாம் ஒருவழியாக அமைந்துவிட்டது. உலக வரலாறுதான் உயிரை எடுக்கிறது. பங்குக் கோவிலில் ஒரு அக்கா ஒரு புத்தகத்தைச் சொன்னார். பக்கத்தில் நின்றவர், "அதுவா, அதில் திருச்சபையைப் பற்றித் தப்புத்தப்பாக இருக்குமே" என்றார். இப்போது நாலு செட் பார்த்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமையோடு தள்ளுபடி முடிகிறது. நேற்று ராத்திரி பையன் "எனக்கு எதுவுமே வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டான். எதை வாங்கட்டும்? கத்தோலிக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பனிநாட்டு அப்பா:
கேட்காதீர்கள் என்றாலும் கேட்கத்தான் தோன்றுகிறது, தங்கச்சி. பங்குப் பள்ளியில் சேர்க்கலாமே? நாங்கள் மினசோட்டாவுக்கு வந்த புதிதில் கார் கிடையாது. அந்தக் குளிரில் திருப்பலிக்குப் போவதற்கே பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கும் நாலு முகம் பழகியது. வரலாறு எந்தப் புத்தகத்தில் படித்தால் என்ன, போர் நடந்த வருஷம் மாறவா போகிறது?

ஜெபமாலை அம்மா:
வருஷம் மாறாது அண்ணா, சொல்கிற விதம் மாறும். 1517இல் திருச்சபையை எதிர்த்து லூத்தர் கிளம்பினார், உலகத்துக்கு விடிந்தது என்று முடிக்கிற புத்தகம் உண்டு. 1545 முதல் 1563 வரை ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தில் திருச்சபை தன் வீட்டை எப்படிச் சரிசெய்தது என்று சொல்கிற புத்தகமும் உண்டு. சிஸ்டர், உங்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். செட்டன், கோல்பே மாதிரி, வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கான கத்தோலிக்கப் பள்ளி ஏதாவது ஒன்றில் மொத்தமாகச் சேர்த்துவிடுங்கள். பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் பதிவு எல்லாம் அவர்கள் பக்கமே வந்துவிடும். வந்த புதிதில் நான் மூச்சு விட்டதே அப்படித்தான்.

நூலக அட்டை:
மொத்தமாக மட்டும் சேர்க்காதீர்கள்! ஊர் புதிது, நாடு புதிது. அந்தக் கையேடு சொல்கிற வேகத்தில் ஓடினால் பிள்ளையும் அழுவான், நீங்களும் அழுவீர்கள். டான் என்ற கத்தோலிக்கப் பதிப்பகத்தின் 'ஸ்டோரி ஆஃப் சிவிலைசேஷன்' வாங்குங்கள். பழங்காலம், இடைக்காலம், நவீன உலகம் என்று மூன்று தொகுதி, நாலாவது அமெரிக்க வரலாறு. கதையாகப் போகும். ஒலி வடிவமும் இருக்கிறது, காரில் போகும்போது கேட்கலாம்.

ஜெபமாலை அம்மா:
மிடில் ஸ்கூல் பிள்ளைக்கு அது கொஞ்சம் சின்னப் பிள்ளைத்தனம். என் மூத்தவள் ஆரம்பத்திலேயே மூடி வைத்துவிட்டாள்.

நூலக அட்டை:
உங்கள் மூத்தவள் கெட்டிக்காரி. இந்தப் பையன் ஆறாவதா எட்டாவதா, அதுவே நமக்குத் தெரியாது. பார்த்து வைத்த நாலு செட் எது என்றும் அவர் சொல்லவில்லை.

கடல் தாண்டியவன்:
கத்தோலிக்க டெக்ஸ்ட்புக் பிராஜெக்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்களுடைய 'லைட் டு தி நேஷன்ஸ்' இரண்டு பாகம். முறையான பாடநூல், நல்ல கனம். ஆனால் இந்த வகைப் புத்தகம் எதை எடுத்தாலும் ரோம், பிரான்ஸ், இங்கிலாந்து என்றுதான் வண்டி ஓடும். நம் பக்கம் தலைகாட்டுவதே 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கும்போதுதான். அதனால்தானோ என்னவோ, இங்கே கோ-ஆப்பில் (ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் சேர்ந்து வகுப்பு நடத்தும் குழு) தாய்மார்கள் ஒவ்வொருவரும் என் மனைவியிடம் "நீங்கள் எப்போது மதம் மாறினீர்கள்?" என்று கேட்கிறார்கள். புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542. அமெரிக்கா என்ற நாடே அப்போது இல்லை!

பனிநாட்டு அப்பா:
அதைச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் ஒருவர், "உங்கள் ஊரில் பைபிள் கிடைக்குமா?" என்றார்.

ஜெபமாலை அம்மா:
கோ-ஆப் கதையை எடுத்தால் விடிந்துவிடும். மாதக் கட்டணமும் கட்டி, துப்புரவு முறையும் நமக்கே போடுவார்கள்.

அட்டவணை அக்கா:
சரி, கதை போதும். தங்கச்சி, மூன்று விஷயம் சொல்லுங்கள். எந்த மாநிலம், எந்த வகுப்பு, இதுவரை எந்தப் பாடத்திட்டத்தில் படித்தான்?

புதிதாக வந்தவள்:
பென்சில்வேனியா அக்கா. ஏழாவது. சிபிஎஸ்இ. ஆங்கிலம் நன்றாக வாசிப்பான், எழுதத்தான் சோம்பல்.

அட்டவணை அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை மிச்சம். பென்சில்வேனியாவில் ஏழாம் வகுப்பு முதல் சட்டப்படி உயர்நிலை வகுப்பாகத்தான் எண்ணுவார்கள். உலக வரலாறு, அமெரிக்க வரலாறு, பென்சில்வேனியா வரலாறு, புவியியல், குடிமையியல் எல்லாம் பாடப் பட்டியலிலேயே இருக்கிறது. எந்தப் புத்தகம் என்று சட்டம் சொல்லவில்லை, அது உங்கள் இஷ்டம். வருஷத்துக்கு 180 நாள் அல்லது 990 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். அஃபிடவிட் கொடுத்துவிட்டீர்கள் அல்லவா?

புதிதாக வந்தவள்:
அஃபிடவிட்டா? அது என்ன?

அட்டவணை அக்கா:
அப்போது புத்தகம் இரண்டாவது வேலை. வீட்டில் பாடம் தொடங்கும் முன் உங்கள் பள்ளி மாவட்டத் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்டிடம் கொடுக்க வேண்டிய உறுதிமொழி அது. பிறகு ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1ஆம் தேதிக்குள். கூடவே பாடவாரியாக என்ன கற்பிக்கப் போகிறீர்கள் என்ற குறிப்பு, தடுப்பூசிச் சான்று. ஊரிலிருந்து கொண்டு வந்த தடுப்பூசி அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள். வருஷக் கடைசியில் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பையனோடு பேசி, போர்ட்ஃபோலியோவை, அதாவது அவன் வருஷம் முழுக்கச் செய்த வேலைகளின் கோப்பை, பார்ப்பார். அவன் வாசிக்கும் புத்தகங்களின் பெயரையும் தேதியையும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. எட்டாவதில் தரப்படுத்தப்பட்ட தேர்வு (standardized test) ஒன்றும் உண்டு.

இப்போது புத்தகம். ஏழாவது, வாசிப்பு பலம் என்றால் நான் 'லைட் டு தி நேஷன்ஸ்' முதல் பாகத்தைத்தான் சொல்வேன். எழுதச் சோம்பல் என்றால் அத்தியாயக் கேள்விகளை வாய்மொழியாகக் கேளுங்கள், வாரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் எழுதட்டும். போர்ட்ஃபோலியோவுக்கு அந்தப் பக்கங்களே மாதிரியாகும். எதை வாங்கினாலும் மாதிரிப் பக்கம் கேட்டு சிலுவைப்போர், லூத்தர், கலிலேயோ மூன்றையும் முதலில் படியுங்கள். திருச்சபையை வில்லனாக்குகிற புத்தகமும் வேண்டாம், எல்லாத் தப்பையும் பூசி மெழுகுகிற புத்தகமும் வேண்டாம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633இல் கலிலேயோ மீது திருச்சபை விசாரணை நடந்தது, தீர்ப்பும் வந்தது. அதை நேராகச் சொல்லாத புத்தகத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருநாள் கண்டுபிடித்துவிடுவான்.

நம் பக்கம் இல்லை என்ற குறைக்கு ஒரு வழி. ஹாலில் நீளமாகக் காகிதச் சுருள் ஒட்டி, மேலே புத்தகத்தில் வருவதையும் கீழே இந்தியாவில் நடந்ததையும் எழுத வையுங்கள். 1606இல் இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தார். 1607இல் ஆங்கிலேயர் இங்கே அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுனில் குடியேறினார்கள். என் பையன் இரண்டையும் சிவப்பு மார்க்கரால் சுழித்து இணைத்தான், "அப்போ பாதர்தான் முன்னாடி!" என்று. மறைசாட்சி அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது 1693 என்று அவனே தேடி ஒட்டினான்.

புதிதாக வந்தவள்:
நன்றி அக்கா. தடுப்பூசி அட்டை கிடைத்துவிட்டது. அந்த அஃபிடவிட்டுக்கு நோட்டரி கட்டாயமா?

அட்டவணை அக்கா:
நோட்டரி முன்னிலையில் போடலாம். இல்லையென்றால் உண்மை என்று உறுதி கூறும் வாசகத்தோடு நீங்களே கையெழுத்திட்டாலும் சட்டம் ஏற்கும். ஒரு பிரதி வைத்துக்கொண்டு, சேர்ந்ததற்கு ஒப்புகை வருகிற மாதிரி தபாலில் அனுப்புங்கள்.