பேரம் பேசும் நிரலுக்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மின்வணிகத்தில் வாங்குபவர் சார்பாக ஒரு மென்பொருளும் விற்பவர் சார்பாக மற்றொரு மென்பொருளும் தமக்குள் விலையையும் நிபந்தனைகளையும் பேசி முடிக்கும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: தன்னியக்கப் பேச்சுவார்த்தை, தானியங்கி உடன்பாட்டு முறை, மென்முகவர் இணக்கப்பேச்சு. நான் எழுதிக்கொண்டிருக்கும் கணினியியல் பாடத்தின் ஓர் அத்தியாயத்தில் இம்மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். தலைப்பில் மூன்றும் நன்றாகவே இருந்தன. பத்திகளுக்குள் இறங்கியதும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன.

'பேச்சுவார்த்தை' என்ற சொல்லில் எனக்குக் குறை தெரிவது அதன் மலட்டுத்தன்மையில்தான். நெகோஷியேஷன் என்பதற்கு அது நேர்ச்சொல்லாக நாளிதழ்களில் நிலைத்துவிட்டது உண்மை. ஆனால் கலைச்சொல் என்பது தனியாக நிற்கும் சொல் அன்று. பேசுபவர், பேசப்படும் பொருள், இரு தரப்பும் சொல்லும் விலை, ஒரு தரப்பு இறங்கி வருதல், முடிவு எட்டுதல், எட்டாமல் முறிதல் என்று ஒரு குடும்பத்தையே அது ஈன்று தர வேண்டும். பேச்சுவார்த்தை 'நடக்கும்', 'முறியும்', 'வெற்றி பெறும்'. அதற்கு மேல் நம் பாடத்துக்கு உதவும் வினைகளை அது தருவதில்லை. 'பேரம்' என்று வைத்துப் பாருங்கள்: பேரம் பேசுகிறோம், பேரம் படிகிறது, பேரம் படியாமல் போகிறது, விலை கட்டுப்படியாகிறது, ஒருவர் இறங்கி வருகிறார், ஒருவர் கறாராக நிற்கிறார். இத்துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் வரும் கருத்துகளில் பெரும்பாலானவற்றுக்குச் சந்தையிலேயே வினைச்சொற்கள் தயாராக இருக்கின்றன. நாம் புதிதாக ஆக்க வேண்டியது மிகக் குறைவு என்பதே என் வாதம்.

பேரத்துக்கு எதிராக மூன்று தடைகள் எழுப்பப்பட்டன. தெலுங்கிலும் 'பேரமு' என்று வழங்குவதால் அது கடன்சொல்லாக இருக்கலாம் என்பது ஒன்று. இருந்தாலும் அது நம் கடைத்தெருவில் குடியேறிப் பல தலைமுறை ஆகிவிட்டது என்பதற்கு மேல் இதில் நான் வாதாட விரும்பவில்லை. 'குதிரைப் பேரம்' போன்ற தொடர்களால் அச்சொல்லில் கறை படிந்துவிட்டது என்பது இரண்டாவது. கூட்டணிக் கட்சிகள் தொகுதிகளைப் பிரித்துக்கொள்வதை வேண்டியவர்கள் பேச்சுவார்த்தை என்றும் வேண்டாதவர்கள் பேரம் என்றும் எழுதுவதை நாம் ஒவ்வொரு தேர்தலிலும் படிக்கிறோம். ஆனால் நாம் பெயரிடும் செயலே வணிகத்தில் நடப்பது. வணிகத்தில் பேரம் இழிசொல் அன்று. மூன்றாவது தடை கனமானது: பேரம் என்றால் விலை மட்டும்தானே, நெகோஷியேஷன் என்பது தவணை, உத்தரவாதம், அனுப்பும் நாள் ஆகியவற்றையும் தழுவியது அல்லவா? இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வால்மார்ட் நிறுவனத்தின் கனடாப் பிரிவு 2021இல் பேக்டம் என்ற நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு சிறு வழங்குநர்களுடன் பேசிப் பார்த்தபோது, 89 வழங்குநர்களில் 64 சதவீதத்தினருடன் ஒப்பந்தம் எட்டப்பட்டது. பேசப்பட்டவற்றில் விலைத் தள்ளுபடியோடு பணம் தர வேண்டிய கெடுவும் இருந்தது. நம் ஊர் மொத்தக் கடைக்காரரும் அதைத்தான் செய்கிறார். 'ரொக்கமா, முப்பது நாள் கடனா' என்று கேட்டுவிட்டுத்தான் அவர் விலையைச் சொல்கிறார். அதற்கும் அவர் பேரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்.

அடுத்து, அந்த மென்பொருள் உள்ளே என்னதான் செய்கிறது என்பதை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் சொல் தேர்வு எளிதாகும். இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் ஆய்வகத்தில் அந்தோணி சாவேஸும் பாட்டி மேஸும் 1996இல் உருவாக்கிக் காட்டிய 'காஸ்பா' என்ற மின்சந்தை. விற்பவர் தன் மென்பொருளிடம் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: எந்த நாளுக்குள் விற்க வேண்டும், எந்த விலை வந்தால் மகிழ்ச்சி, எந்த விலைக்குக் கீழே போகக்கூடாது. ஒரு பழைய மிதிவண்டியைப் பத்து நாளுக்குள் விற்க வேண்டும், 6,000 ரூபாய் கிடைத்தால் நல்லது, 4,000க்குக் கீழே கூடாது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் 6,000த்தில் தொடங்கிப் பத்தாம் நாளில் 4,000த்துக்கு வந்து சேரும். ஆனால் எந்த வளைவில் இறங்குவது என்பதற்கு உரிமையாளர் மூன்று குணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பதற்றக் குணமுள்ளது நாளுக்கு 200 ரூபாய் வீதம் நேர்கோட்டில் இறங்கி ஐந்தாம் நாளில் 5,000 என்று சொல்லும். நிதானக் குணமுள்ளது இருபடி வளைவில் இறங்குவதால் அதே நாளில் 5,500இல் நிற்கும். பேராசைக் குணமுள்ளது முப்படி வளைவில் 5,750இல் நின்றுகொண்டு, ஒன்பதாம் நாளிலும் 4,542 கேட்டுவிட்டு, கடைசி ஒரே நாளில் மீதமுள்ள 542 ரூபாயையும் கொட்டிவிடும். வாங்குபவரின் மென்பொருள் இதற்கு நேர் எதிராகக் கீழிருந்து ஏறி வரும். வாங்குவது விலை கேட்கும். விற்பது 'சரி' அல்லது 'இல்லை' என்று மட்டும் பதில் சொல்லும். இதைப் படிக்கும் எவருக்கும் இது பேரம் என்பதில் ஐயம் வராது. உடன்பாட்டு முறை என்று பெயரிட்டால் ஏதோ வழக்கறிஞர் அலுவலகம் நினைவுக்கு வரும்.

இங்கேதான் நம்மில் பலரும் இடறி விழுந்த ஓரிடத்தைச் சுட்ட வேண்டும். பங்குச்சந்தைச் சொல்லகராதி ஒன்றைத் தயாரித்தபோது ஆங்கிலத்தின் 'ஆஸ்க்' என்ற சொல்லை நான் 'கேட்பு விலை' என்று மொழிபெயர்த்தேன்; அச்சுக்குப் போகும் வரை அதில் பிழை இருப்பதாக எனக்கே படவில்லை. ஆங்கிலத்தில் ஆஸ்க் என்பது விற்பவன் கோரும் விலை. தமிழ்ச் சந்தையில் விற்பவன் விலை சொல்கிறான், வாங்குபவன் விலை கேட்கிறான். 'என்ன விலை சொல்றீங்க' என்பது கடைக்காரரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி; 'நேற்று ஒருத்தர் ஐயாயிரத்துக்குக் கேட்டுட்டுப் போனார்' என்பது வாங்க வந்தவரைப் பற்றிய செய்தி. ஏலத்திலும் அப்படியே: ஏலம் விடுபவர் ஒருவர், ஏலம் கேட்பவர் மற்றொருவர். ஆகவே ஆஸ்க் என்பதைக் கேட்பு என்று மாற்றினால் வாங்குபவனும் விற்பவனும் இடம் மாறிப் போகிறார்கள், அதுவும் வாசகர் கவனிக்காத வகையில். நான் இப்போது வைக்கும் இணை 'சொல்விலை', 'கேட்புவிலை': முன்னது விற்பவருடையது, பின்னது வாங்குபவருடையது. எந்தத் தரப்பு என்று குறிக்க வேண்டாத இடங்களில், குறிப்பாக 1982இல் பொருளியலாளர் ஏரியல் ரூபின்ஸ்டைன் ஆராய்ந்த மாறிமாறிப் பேசும் மாதிரியை விளக்குகையில், 'முன்வைப்பு' என்ற பொதுச்சொல் போதுமானது. எதிர்முன்வைப்பு என்பதும் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

இனி, ஒருவர் சார்பாகச் செயல்படும் இத்தகைய மென்பொருளை ஆங்கிலத்தில் குறிக்கும் 'ஏஜென்ட்' என்ற சொல். முகவர் என்ற சொல்லைக் காப்பீட்டுத் துறை நமக்குப் பழக்கித் தந்திருக்கிறது. தேர்தலில் வாக்குச்சாவடி முகவரும் உண்டு. மனிதருக்கு அது குறையில்லாத சொல். நிரலுக்கு வைத்தால் 'முகவர் விலையைக் குறைத்தார்' என்று எழுதுவதா, 'குறைத்தது' என்று எழுதுவதா என்று ஒவ்வொரு வரியிலும் தயங்க நேர்கிறது. என் கைப்பிரதியில் ஒரே பத்தியில் இரண்டும் வந்திருந்தன. தரகர் என்பது பொருளளவிலேயே தவறு, ஏனென்றால் தரகர் இரு தரப்புக்கும் நடுவில் நிற்பவர். நாம் பேசும் மென்பொருள் ஒரு தரப்புக்கு மட்டுமே உழைப்பது. செயலி என்ற சொல்லைக் கைபேசி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

என் பரிந்துரை 'பேரம்பேசி'. மரங்கொத்தி, மண்வெட்டி, வண்டியோட்டி ஆகிய மூன்றிலும் வரும் இகர விகுதிதான் இதிலும் வருகிறது. முதலாவது பறவை, இரண்டாவது கருவி, மூன்றாவது மனிதர். திணை எதுவாயினும் விகுதி இடைஞ்சல் செய்வதில்லை. எனவே 'பேரம்பேசி விலையைக் குறைத்தது' என்று கூசாமல் எழுதலாம். தொலைபேசி, கைபேசி வரிசையில் இதுவும் ஒரு கருவிப்பெயர் போல ஒலிக்கிறது என்று என் வீட்டில் சிரித்தார்கள். ஒலித்தால் நல்லதுதான், இதுவும் கருவிதானே. செயலைக் குறிக்கத் 'தன்னியக்கப் பேரம்' என்றும், செய்யும் நிரலைக் குறிக்கப் 'பேரம்பேசி' என்றும், தரப்பைச் சுட்ட வேண்டுமானால் 'வாங்குபேசி', 'விற்பேசி' என்றும் வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டும் சற்றுக் கரடுமுரடானவை. யாராவது இழைத்துத் தந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

எதையெல்லாம் பேரம் என்று சொல்லக்கூடாது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ரீட் ஸ்மித் 1980இல் முன்வைத்த கான்ட்ராக்ட் நெட் நெறிமுறையில் ஒரு கணு, அதாவது வலையமைப்பில் உள்ள ஒரு கணினி, வேலையை அறிவிக்க, மற்றவை தம் கோரிக்கையை அனுப்ப, முதல் கணு ஒன்றைத் தேர்ந்தெடுத்து வேலையை ஒப்படைக்கிறது. விலையை ஏற்றி இறக்கிப் பேசும் சுற்றுகள் இல்லை. அரசு அலுவலகங்கள் அன்றாடம் விளம்பரப்படுத்தும் ஒப்பந்தப்புள்ளி கோரல்தான் அது. ஈபேயில் நாம் உச்ச விலையைச் சொல்லிவிட்டால் தளமே நம் சார்பாகப் படிப்படியாக ஏற்றிக் கேட்பது ஏலம். இவ்விரண்டிலும் யாருக்கும் குழப்பம் வராது. குழப்பம் தருவது வேறொன்று. 2011 ஏப்ரலில் அமேசான் தளத்தில் ஈக்களின் வளர்ச்சியைப் பற்றிய ஓர் உயிரியல் நூலின் விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டியது. இரண்டு விற்பனையாளர்களின் நிரல்களில் ஒன்று மற்றதன் விலையை 0.9983ஆல் பெருக்கித் தன் விலையை வைத்தது. மற்றது இதன் விலையை 1.270589ஆல் பெருக்கித் தன் விலையை வைத்தது. இரண்டையும் பெருக்கினால் ஒன்றைவிடப் பெரிய எண் வருவதால் ஒவ்வொரு சுற்றிலும் விலை ஏறத்தாழ கால் பங்கு கூடிக்கொண்டே போயிற்று. இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று பார்த்து விலையை மாற்றின என்பதற்காக இதைத் தன்னியக்கப் பேரம் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்ததைக் கண்டேன். அங்கே முன்வைப்பும் இல்லை, பதிலும் இல்லை, படிவதும் இல்லை. எதிரெதிர்க் கடைக்காரர்கள் ஒருவர் பலகையை ஒருவர் எட்டிப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் விலையை அழித்து எழுதியதுதான் நடந்தது. அத்தகைய நிரலுக்கு 'விலைத்திருத்தி' என்று தனிப்பெயர் தருவோம்.

உத்திகளின் பெயர்களில் ஒன்றுக்கு மட்டும் குழுமத்தின் கருத்து வேண்டும். ஃபராட்டின், சியர்ரா, ஜென்னிங்ஸ் ஆகியோரின் 1998ஆம் ஆண்டு ஆய்வு, கெடு நெருங்கும் வரை அசையாமல் நின்று இறுதியில் மட்டும் இறங்கும் போக்கைப் 'போல்வேர்' என்றும், தொடக்கத்திலேயே வேகமாக இறங்கிவிடும் போக்கைக் 'கன்சீடர்' என்றும் பிரித்தது. லெமுவல் போல்வேர் என்பவர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தொழிலாளர் உறவுகளைக் கவனித்த அதிகாரி. தொழிற்சங்கத்திடம் முதலிலேயே ஒரே முன்வைப்பை வைத்துவிட்டு அதிலிருந்து நகர மறுப்பதற்குப் பெயர் பெற்றவர். அவர் பெயரைத் தமிழில் ஒலிபெயர்த்து வைத்தால் மாணவருக்கு எதுவும் விளங்காது. 'கறார்ப் போக்கு', 'இளக்கப் போக்கு' என்று வைக்கிறேன். கறார் அரபி வழி வந்த சொல் என்று எதிர்ப்பு வரும். 'விடாப்பிடிப் போக்கு' என்ற மாற்று என் கைவசம் உண்டு, ஆனால் கடையில் 'கறார் விலை' என்ற பலகையைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது, மிதிவண்டிக் கணக்கில் 4,000 ரூபாயாக வந்த அந்தக் கடைசி எல்லை. ஆங்கிலத்தில் 'ரிசர்வேஷன் பிரைஸ்' எனப்படும் இதை 'ஒதுக்கீட்டு விலை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ரேஷன் அட்டையை நினைவூட்டுகிறது. 'இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது' என்று விற்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் சொல்கிறார். சொல்லும் கேட்பும் தரப்பைப் பிரித்துக் காட்ட, இந்தச் சொல் இரு தரப்புக்கும் பொதுவாக நிற்கிறது. நமக்கு வேண்டியதும் அதுவே. ஆகவே 'கட்டுப்படி விலை'. அதன் இன்றியமையாத இயல்பு, எதிர்த்தரப்புக்குத் தெரியக்கூடாது என்பது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல்களைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: துண்டு மறைப்பது முன்வைப்பைச் சுற்றி நிற்பவர்களிடமிருந்து; கட்டுப்படி விலையோ துண்டுக்குள்ளும் வெளிப்படுவதில்லை. பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த செய்திப் பரிமாற்றத்தையும், நிரலுக்குள்ளேயே பூட்டிவைத்த எல்லையையும் வேறுபடுத்தி விளக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை; பாடத்தில் அதையே சேர்த்துவிட்டேன்.

சொற்களை ஓட்டிப் பார்ப்பதற்காக அத்தியாயத்திலிருந்து மூன்று வரிகளை இங்கே தருகிறேன்: 'வாங்குபவரின் கேட்புவிலை விற்பவரின் கட்டுப்படி விலையைத் தொடாதவரை பேரம் படியாது. இரு பேரம்பேசிகளும் கறார்ப் போக்கில் இருந்தால், கெடு முடிவதற்குச் சற்று முன்புதான் பேரம் படியும். ஒன்றின் கெடு மற்றதற்கு முன்பே முடிந்துவிட்டால், படிய வேண்டிய பேரமும் படியாமல் போகலாம்.' இரும்புக்கடை வைத்திருக்கும் என் மைத்துனரிடம் இதைப் படித்துக் காட்டினேன். பேரம்பேசி என்றால் என்ன என்று மட்டும் கேட்டார்; மற்ற சொற்களுக்கு விளக்கம் கேட்கவில்லை. வாங்குபேசி, விற்பேசி இரண்டையும் அவரிடம் சொல்லத் துணியவில்லை. அவற்றுக்கு மாற்று இருந்தால், அத்தியாயம் அச்சுக்குப் போவதற்கு முன் எழுதுங்கள்.