புதுப்பிப்பு: பழைய கினிப் பன்றியும் புதிய குட்டியும் சேர்ந்துவிட்டன

புதுக் குட்டியைக் கூண்டில் விட்டதும் எங்கள் இரண்டு வயது ஆண் அதை விரட்டுகிறான், பல்லைக் கடகடவென்று அடிக்கிறான் என்று போன மாதம் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

முதலில் குட்டியை மூன்று வாரம் தனி அறையில் வைத்தோம். நல்லவேளை! இரண்டாவது வாரமே சொறிய ஆரம்பித்தது. மருத்துவர் பார்த்துவிட்டு தோல் உண்ணி என்று ஊசி போட்டார்.

உண்மையில் கைகொடுத்தது காட்பாடி அக்கா சொன்ன யோசனைதான்: இருவருக்கும் பழக்கமில்லாத இடம். மொட்டைமாடி அறையில் பழைய போர்வையை விரித்து, நடுவில் புல்லும் கொத்தமல்லியும் குவித்தோம். இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டிகள் இரண்டு. ஒரே வாசல் என்றால் சின்னது மாட்டிக்கொள்ளும். உறுமல், துரத்தல், மேலே ஏறுவது எல்லாம் நடந்தது. ரத்தம் வரவில்லை, அதனால் பிரிக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் மேய்ந்தார்கள்.

அப்புறம் கூண்டை நன்றாகக் கழுவி, தண்ணீர் பாட்டிலும் தட்டும் இரண்டிரண்டாக வைத்துத்தான் உள்ளே விட்டோம்.

எதிர்பாராதது வெயில். மாடி அறை பதினொரு மணிக்கே கொதித்தது, பெரியவன் மூச்சிரைத்தான். நம் ஊரில் இதைக் காலை ஆறு மணிக்கே தொடங்குங்கள்.