சனிக்கிழமைத் தையல்: முடித்த குவில்ட் படங்கள்

*சனி*

*செல்வி, காலை 10:05*
எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் பேசியபடி, நாம் தைத்த குவில்ட்களை, அதான் ஒட்டுத்துணிப் போர்வைகளை, இன்று படம் போடும் நாள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டும் வேண்டும். தையலின் அழகு பின்பக்கத்தில்தான் தெரியும். பாதியில் நிற்பதையும் தாராளமாகப் போடுங்கள்.

*மீனாட்சி ஆச்சி, 10:21*
[படம்] [படம்]
நான் முதலில் போட்டுவிடுகிறேன். கண்டாங்கிப் புடவை நான்கு. கட்டிக் கட்டி உடல் பகுதி நைந்துவிட்டது, கரை மட்டும் இன்னும் கெட்டியாக இருந்தது. கரையை வெட்டி எடுத்து, நடுவில் ஒரு சிவப்புச் சதுரம் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி அடுக்கினேன். செல்வி சொல்லிக்கொடுத்த லாக் கேபின் முறைதான். முப்பத்தாறு கட்டம்.

*செல்வி, 10:24*
ஆச்சி! மூலைக்கு மூலை இம்மி பிசகவில்லை. கால் அங்குலத் தையல் ஓரத்தை முப்பத்தாறு கட்டத்திலும் ஒரே மாதிரி பிடித்திருக்கிறீர்கள். ஒரு நூல் கூடினால்கூட கடைசியில் கட்டம் கோணலாகிவிடும்.

*கவிதா, 10:26*
ஆச்சி, ரொம்ப அழகு. உள்ளே என்ன பஞ்சு வைத்தீர்கள்?

*மீனாட்சி ஆச்சி, 10:31*
பஞ்சு இல்லை ஆத்தா. நைந்த உடல் பகுதியையே இரண்டாக மடித்து உள்ளே கொடுத்துவிட்டேன். மேல் துணி, நடு, அடி, மூன்றையும் பிடித்து ஊசி போனால் அது குவில்ட்தான். மதுரை வெயிலுக்குப் பஞ்சு வைத்தால் யார் போர்த்துவது? மார்கழியும் தையும் போர்த்துவோம், மற்ற நாளில் கீழே விரித்துப் படுப்போம். பழைய புடவையின் இதம் எந்தப் பஞ்சிலும் வராது.

*ஜெயந்தி, 10:48*
[படம்]
என்னுடையது சுவரில் மாட்டுவது. சித்திரைத் திருவிழாவில் தேரில் தொங்கும் தொம்பையை, அந்த உருண்ட துணித் தொங்கலை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதன் விளைவு. அதிலும் துணியை வெட்டித் துணிமேல் வைத்துத்தானே தைக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை, பச்சை, அதே நிறங்களை எடுத்துக்கொண்டேன். நான் வெட்டி வைத்த யாளியின் வால் வளைவில் துணி சுருங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

*செல்வி, 10:55*
வளைவின் உள்பக்கத்தில் மடிப்பு ஓரத்தைக் கத்தரி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறிவிடு, தையல் கோட்டுக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்திக்கொள். அப்புறம் மடித்தால் படிந்துவிடும்.

*ரேணுகா (தார்வாட்), 11:40*
[படம்] [படம்] [படம்]
முடித்துவிட்டேன்! ஏழு மாதம், முழுக்கக் கைத்தையல். இங்கே உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், யெல்லாபுரம் பக்கம் சித்தி (Siddi) என்ற இனத்து மக்கள் இருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் தைக்கும் குவில்ட்டுக்குக் கவந்தி என்று பெயர். ஒரு பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

நாம் கட்டம் கட்டமாகச் சேர்த்து மேல் துணியை முடித்த பிறகுதானே அடுக்குகிறோம். அவர்கள் அடித் துணியாக ஒரு புடவையை விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரமாகவே சுற்றி வந்து நடுவில் முடிக்கிறார்கள். ஒட்டு வைப்பதும் குவில்ட் தையலும் ஒரே ஓட்டத்தில் நடந்துவிடுகிறது. அளவுகோல் கிடையாது. கையில் வரும் துண்டின் ஓரத்தை விரலால் மடித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

மூன்றாவது படத்தில் மூலையைப் பாருங்கள். சின்னத் துணிகளை முக்கோணமாக மடித்து அடுக்கி வைத்திருப்பதற்குப் பூலா என்று பெயர். பூ என்று அர்த்தம். நான்கு மூலையிலும் அது இல்லாவிட்டால் கவந்தி முடிந்ததாக அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. நான் மூன்று மூலையோடு எடுத்துப் போனேன், பெரியம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

*மீனாட்சி ஆச்சி, 11:52*
திருப்பிக் கொடுத்தது சரிதான். தைத்தவளுக்குத் தெரியும்.

*பாத்திமா, மதியம் 2:15*
[படம்]
இது என் அத்தாவின் கைலிகள். பதினொன்று. அவர் மவுத்தாகி இரண்டு வருடமாகிறது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ரம்ஜான் முடிந்ததும் ஒருநாள் உட்கார்ந்து வெட்டினேன். முதல் வெட்டுக்குத்தான் கை வரவில்லை.

கைலியில் ஒரு வசதி, கோடு போடவே வேண்டாம். கட்டத்தின் கோடு மேலேயே மெஷினை ஓட்டிவிட்டேன். உட்கார்ந்து உட்கார்ந்து வெளுத்த இடங்களை ஒதுக்காமல் நடுவில் வைத்திருக்கிறேன். அம்மா அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அம்மாவின் கட்டிலில்தான் கிடக்கிறது.

*செல்வி, 2:19*
பாத்திமா 🙏🏽

*உமா (அட்லாண்டா), மாலை 5:02*
இப்போதுதான் எழுந்தேன். பாத்திமா, படத்தைப் பார்த்ததும் ஒன்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. இங்கே பக்கத்து மாநிலம் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஆற்று வளைவில், பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்தவர்கள் வாழ்கிற ஊர். அங்கே மிசௌரி பெட்வே என்ற அம்மா, கணவர் இறந்ததும், 1942இல், அவர் வேலைக்குப் போட்டுக் கிழிந்த துணிகளைப் பிரித்து ஒரு குவில்ட் தைத்தார். அவரை நினைத்துப் போர்த்திக்கொள்ள. மகள் கூடமாட உதவினாள். முட்டி வெளுத்த இடமெல்லாம் அதில் அப்படியே தெரியும். 2002இல் அந்த ஊர்ப் பெண்களின் குவில்ட்கள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர் ஏறின. 2006இல் தபால்தலையாகவும் வந்தன.

உன் அத்தாவின் கைலியும் அதே வரிசையில் இருக்கிறது.

*பாத்திமா, 5:20*
அக்கா, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மிசௌரி என்ற பெயரை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

*கவிதா, இரவு 9:47*
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*கவிதா, 9:49*
[படம்]
செல்வி அக்கா, இருக்கிறீர்களா? என் தங்கை குழந்தைக்குத் தைத்தது. புதன்கிழமை தொட்டில் போடுகிறார்கள். அரக்குச் சுங்குடியும் வெள்ளையும் மாற்றி மாற்றி வைத்தது. ஓரப்பட்டி வரை முடித்துவிட்டேன். தையலுக்காகக் குறித்திருந்த நீலக் கோட்டை அழிக்கத் தண்ணீர் தெளித்து, மடித்து வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். இப்போது விரித்தால் ஒரு மூலை முழுக்க வெள்ளை ரோஸ் ஆகிவிட்டது. வாங்கும்போது சாயம் போகாது என்று கடையில் சொன்னார்கள். என்ன செய்வதென்றே தெரியவில்லை.

*மீனாட்சி ஆச்சி, 9:52*
கல் உப்புப் போட்டு ஊற வை ஆத்தா.

*செல்வி, 9:54*
ஆச்சி, மன்னிக்கணும், இதற்கு உப்பு வேண்டாம். கவிதா, இஸ்திரி மட்டும் போட்டுவிடாதே. வெயிலிலும் போடாதே. ஈரம் காயக் கூடாது, காய்ந்தால் கறை உட்கார்ந்துவிடும். வீட்டில் பெரிய டப்பு இருக்கிறதா?

*கவிதா, 9:55*
குளிக்க வைத்திருக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பு இருக்கிறது.

*செல்வி, 10:03*
அது போதும். கீசரில் வரும் நல்ல சூட்டுத் தண்ணீரை விளிம்பு வரை பிடி. பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு ஸ்பூன் கலக்கு. குவில்ட்டை முழுவதும் அமுக்கு, ஒரு மூலைகூட வெளியே நிற்கக் கூடாது. மிதக்காமல் இருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வை. இரவு முழுக்க அப்படியே கிடக்கட்டும்.

சாயம் இன்னும் வரும், தண்ணீர் சிவக்கும், அதைப் பார்த்துப் பயந்து எடுத்துவிடாதே. அது வெளியே வரத்தான் இவ்வளவு தண்ணீர். கொஞ்சத் தண்ணீரில் போட்டால் போன சாயம் வேறு இடம் இல்லாமல் வெள்ளையிலேயே ஒட்டிக்கொள்ளும். நிறையத் தண்ணீரும் சோப்பும் இருந்தால் தண்ணீரிலேயே நிற்கும். காலையில் கொட்டிவிட்டு மறுபடி இதே போல. ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு பார், தண்ணீர் வெளுப்பாக வரும் வரை விடாதே.

உப்பு சாயம் முக்கும்போது துணிக்குள் நிறத்தைத் தள்ள உதவும் ஆச்சி. போகிற சாயத்தைப் பிடித்து நிறுத்தாது.

*மீனாட்சி ஆச்சி, 10:06*
அப்படியா? நான் அறுபது வருடமாக உப்புத்தான் போடுகிறேன். சரி, செல்வி சொல்கிறபடியே செய்.

*உமா (அட்லாண்டா), 10:15*
கவிதா, கவலைப்படாதே, எனக்கும் இந்த முறையில் சரியானது. நம் மெட்ராஸ் கட்டத் துணி 1960களில் இங்கே பிரபலமாக இருந்தபோது ஒவ்வொரு துவைப்புக்கும் சாயம் போனது. அதையே பெருமையாகச் சொல்லி, உறுதியாகச் சாயம் போகும் என்று விளம்பரம் செய்து விற்றார்கள்!

*கவிதா, 10:58*
அமுக்கிவிட்டேன். தண்ணீர் இப்போதே ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கிறது. தூக்கம் வராது.

*ஞாயிறு*

*கவிதா, காலை 6:10*
[படம்]
முதல் தண்ணீர். பீட்ரூட் வேகவைத்த மாதிரி. கொட்டிவிட்டு இரண்டாவது போட்டிருக்கிறேன்.

*கவிதா, மாலை 4:30*
மூன்றாவது தண்ணீர் லேசான ரோஸ்.

*செல்வி, 4:33*
நன்றாகப் போகிறது. இன்னும் ஒன்று.

*திங்கள்*

*கவிதா, காலை 7:15*
[படம்] [படம்]
ஐந்தாவது தண்ணீர், டம்ளரில் பார்த்தேன், குடிதண்ணீர் மாதிரி இருக்கிறது! வெள்ளை வெள்ளையாகிவிட்டது அக்கா! கடைசி மூலையில் மட்டும் ஒரு நிழல் போல லேசாக நிற்கிறது. தங்கை கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறாள். எனக்குத் தெரிகிறது.

இன்னொன்று. சுங்குடிப் புள்ளி ஒவ்வொன்றும் இப்போது கொஞ்சம் மேலே எழும்பி நிற்கிறது, நூல் கட்டிய இடம் கைக்குத் தட்டுப்படுகிறது. இஸ்திரி போட்டுப் போட்டு அதை நான்தான் தட்டையாக்கியிருக்கிறேன்.

*ஜெயந்தி, 7:22*
அது கட்டுக்காரப் பெண்களின் விரல் வேலை கவிதா. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக முடிச்சுப் போட்டது. எங்கள் சௌராஷ்டிர வீடுகளில் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே கட்டுவார், குனிந்துகூடப் பார்க்க மாட்டார். இனி இஸ்திரி போடாதே.

*ரேணுகா (தார்வாட்), 7:40*
மூலைதானே? பூலா வை! பத்து அங்குலச் சதுரத்தில் ஆரம்பித்து, முக்கோணமாக மடித்து மறுபடி மடி. அடுத்தது கொஞ்சம் சின்னது, அதன்மேல் இன்னும் சின்னது. குழந்தை இழுத்தாலும் வராதபடி ஓரமெல்லாம் நெருக்கித் தைத்துவிடு.

*கவிதா, 7:44*
வைக்கலாம் அக்கா. ஆனால் சுங்குடியில் மீதித் துண்டே இல்லை. அதுவுமில்லாமல் மறுபடி சாயம் போனால்?

*மீனாட்சி ஆச்சி, 7:50*
என்னிடம் கண்டாங்கிக் கரை இருக்கிறது. முப்பது வருடம் துவைத்தது. போக வேண்டிய சாயமெல்லாம் எப்போதோ போய்விட்டது. பேரனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

*பாத்திமா, 8:05*
என்னிடமும் ஒரு கைலித் துண்டு இருக்கிறது. நீலக் கட்டம். பிள்ளைக்கு வைக்கலாமா? இறந்தவர் துணி என்று வீட்டில் யாராவது நினைப்பார்களா, கேட்டுச் சொல்.

*கவிதா, 8:31*
அம்மாவிடம் கேட்டேன். "பதினோரு கைலி கட்டி, பேரப்பிள்ளை பார்த்துப் போன மனுஷர், அந்த ஆயுசு நம் பிள்ளைக்கும் வரட்டும், வாங்கி வா" என்றார். மதியம் வருகிறேன் அக்கா.

*பாத்திமா, 8:32*
வா. சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

*புதன்*

*கவிதா, பகல் 12:20*
[படம்] [படம்] [படம்]
தொட்டில் போட்டாயிற்று. நான்கு மூலையிலும் பூலா. ஆச்சியின் கரை, பாத்திமா அக்காவின் கைலி, செல்வி அக்கா கொடுத்த பிளவுஸ் பிட், ஜெயந்தி அக்காவின் தொம்பை மஞ்சள். எல்லாத் துண்டையும் வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தைத்தேன்.

மூன்றாவது படம் இப்போது எடுத்தது. பெரியவர்கள் எல்லாரும் இது ஷோகேஸில் வைக்க வேண்டியது, எடுத்து உள்ளே வை என்றார்கள். தங்கை கேட்காமல் பிள்ளையை அதிலேயே போட்டாள். ஐந்தே நிமிடம், நனைத்துவிட்டான்.

*ரேணுகா (தார்வாட்), 12:24*
நான்கு மூலை! பெரியம்மாவிடம் காட்டப் போகிறேன்.

*மீனாட்சி ஆச்சி, 12:31*
நனைத்துவிட்டானா, நல்லது. சும்மா தண்ணீரில் அலசி நிழலில் போடு ஆத்தா. சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும், ராத்திரிக்கு அவனுக்கு வேண்டும்.